தூக்குவதும் தாங்குவதும்

தமிழ்நாட்டில் கார் ஓட்டுகிறவர்கள், அதைப் பழுது பார்க்கிறவர்கள் எல்லோருடைய நாவிலும் புழங்குகிற சொற்கள் இரண்டு உண்டு: ஜாக்கி, ஸ்டெப்னி. இரண்டாவது சொல்லின் கதை சுவையானது. கார்கள் ஓடத் தொடங்கிய முதல் ஆண்டுகளில் மாற்றுச் சக்கரம் என்ற ஒன்றே கிடையாது. குதிரை லாட ஆணிகள் சிதறிக் கிடந்த சாலையில் டயர் வெடித்தால், அங்கேயே அதைக் கழற்றி, ஒட்டுப்போட்டு, மறுபடியும் மாட்டிக் காற்றடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். 1904ஆம் ஆண்டில் தென் வேல்ஸ் பகுதியின் லனெல்லி என்ற ஊரில் டேவிஸ் சகோதரர்கள், ஆரக்கால்கள் இல்லாத வளையம் ஒன்றில் காற்றடைத்த டயரைப் பொருத்தி, பழுதான சக்கரத்தின் பக்கவாட்டில் அதை இறுக்கிக்கொள்ளும்படி செய்தார்கள். அவர்களது தொழிலகம் இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி தெரு. பிரிட்டனில் அந்தப் பெயரை இன்று பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். நம் லாரி ஓட்டுநர்களோ நூறாண்டுக்கும் மேலாக அந்தத் தெருவின் பெயரை நாள்தோறும் உச்சரித்து வருகிறார்கள்.

‘ஜாக்’ என்பது ஆங்கிலத்தில் ஓர் ஆளின் பெயர். நம்மூரில் குப்பன், சுப்பன் என்பதுபோல யாரோ ஒரு வேலைக்காரப் பையனைக் குறித்த பொதுப்பெயர். அடுப்பில் இறைச்சிக் கம்பியைச் சுழற்றுவது, எசமானரின் காலணியைக் கழற்றுவது என அந்தப் பையன் செய்துவந்த வேலைகளைக் கருவிகள் செய்யத் தொடங்கியபோது அக்கருவிகளுக்கும் அவன் பெயரே வாய்த்தது. பளு தூக்கும் கருவியும் அப்படித்தான் ஜாக் ஆயிற்று. ‘எடுபிடி’ என்று நாம் அதை மொழிபெயர்த்திருக்கலாம், பொருத்தமாகவே இருந்திருக்கும்.

இந்த இரண்டோடும் சேர்ந்து வரவேண்டிய மூன்றாவது பொருள் ஒன்று உண்டு. ஜாக்கியால் தூக்கிய வண்டி கீழே வராதபடி அடியில் நிறுத்தப்படுகிற தாங்கி அது. இதற்கு மட்டும் நம்மிடம் நிலைத்த பெயர் இல்லை. சில பட்டறைகளில் ‘ஸ்டாண்டு’ என்பார்கள். பல இடங்களில் ‘கட்டையக் குடு’, ‘கல்ல வை’ என்பதோடு சரி. தமிழில் சொல்லுக்குப் பஞ்சமா என்றால் அதுவும் இல்லை. முட்டு, அண்டை, உதைகால், ஊன்று, தாங்கி எனச் சாய்வதையும் சரிவதையும் தடுக்கும் பொருள்களுக்கு வீடு கட்டிய, தேர் இழுத்த சமூகம் பல சொற்களை வைத்திருந்தது. தேரோட்டத்தில் ஓடிவரும் சக்கரத்தின் கீழ் முட்டுக்கட்டை போடும் ஆளின் கையில்தான் தெருவில் நிற்கும் அத்தனை பேருடைய உயிரும் இருக்கிறது. அந்த முட்டுக்கட்டைக்கு இன்று ‘தடங்கல்’ என்பது பொருள். ‘முட்டுக் கொடுத்தல்’ அரசியல் மேடையில் ஏச்சாகிவிட்டது. தூக்குகிறவனைப் பாடுவதும், தாங்குகிறவனை மறப்பதும் மொழியில் மட்டும் நடந்த காரியம் அல்ல; தொழில்நுட்ப வரலாற்றை எழுதியவர்களும் ஏறக்குறைய அதையே செய்திருக்கிறார்கள்.

ஆர்க்கிமிடீஸ் நிற்க ஓர் இடம் கேட்டு, பூமியையே அசைத்துக் காட்டுவதாகச் சொன்னார் என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. அசைத்த பூமியை எதன்மேல் இறக்கி வைப்பது என்பதைப் பற்றி அந்தக் கதையில் பேச்சே இல்லை. கி.பி. முதல் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹீரோன், அச்சும் உருளையும், நெம்புகோல், கப்பி, ஆப்பு, திருகு என்ற ஐந்து எளிய பொறிகளை விளக்கி எழுதினார். அந்த நூல் குஸ்தா இப்னு லூக்கா செய்த அரபு மொழிபெயர்ப்பின் வழியாகத்தான் நமக்கு முழுமையாகக் கிடைத்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பிரான்சின் வில்லார் த ஒன்னெகூர் தமது ஓவியச் சுவடியில், பளு தூக்கும் பெரிய மரத்திருகு ஒன்றை வரைந்து வைத்தார். லியொனார்தோ தா வின்சியின் ஏடுகளில் பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட ஜாக்கி வருகிறது. இவற்றையெல்லாம் நூல்கள் விரிவாகவே பேசுகின்றன.

திருகின் சிறப்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திருகின் புரி என்பது ஓர் உருளையைச் சுற்றி வளைத்த சாய்தளம். சாய்வு மிகக் குறைவாக இருந்தால், மேலே உள்ள பளு எவ்வளவு அழுத்தினாலும் உலோகத்துக்கும் உலோகத்துக்கும் இடையிலுள்ள உராய்வு அதைப் பின்னோக்கிச் சுழல விடாது. கையை எடுத்தாலும் பளு அப்படியே நிற்கும். ஆகவே திருகு ஜாக்கி தூக்கவும் செய்யும், ஓரளவு தாங்கவும் செய்யும். அதன் பலவீனம் வேறு: அது சாயும். கீழே ஒடுங்கிய அடித்தளம், மேலே கனத்த சுமை. பக்கவாட்டில் ஒரு தள்ளு போதும்.

இந்தப் பலவீனத்தை எண்ணிக்கையால் வென்றது சிகாகோ நகரம். மிச்சிகன் ஏரிக்கரையின் சதுப்பில் எழுந்த அந்த ஊரில் கழிவுநீர் ஓட வழியில்லை. வாந்திபேதி அடிக்கடி வந்து ஆட்களைக் கொண்டுபோயிற்று. 1850களில் தெருக்களை உயர்த்திக் குழாய் பதிக்க முடிவு செய்தார்கள். தெரு உயர்ந்தால் வீடு பள்ளத்தில் கிடக்குமே, அதனால் வீடுகளையும் உயர்த்தினார்கள். 1860ஆம் ஆண்டில் லேக் தெருவில் ஒரு வரிசைக் கட்டடங்களை, ஏறக்குறைய 35,000 டன் எடை என்கிறார்கள், 6,000 திருகு ஜாக்கிகளை அடியில் வைத்து, 600 ஆட்கள் சைகைக்குச் சைகை ஒரே அளவாகத் திருகி, ஐந்து நாளில் 4 அடி 8 அங்குலம் உயர்த்தினார்கள். கடைகளில் வியாபாரம் நிற்கவில்லை. பின்னாளில் ரயில் படுக்கைப் பெட்டிகளால் பெயர்பெற்ற ஜார்ஜ் புல்மன் இந்தத் தொழிலில் ஈடுபட்டிருந்தவர்களில் ஒருவர். கதையைச் சொல்கிறவர்கள் 6,000 ஜாக்கிகளோடு நிறுத்திவிடுகிறார்கள். உயர்த்திய கட்டடத்தின் அடியில் கொத்தனார்கள் புது அடித்தளம் கட்டி, அது சுமையை ஏற்றுக்கொண்ட பிறகுதான் ஜாக்கிகளை உருவ முடிந்தது. சென்னையில் தெரு உயர்ந்து உயர்ந்து வீட்டுக்குள் மழைநீர் புகும் பகுதிகளில் அண்மை ஆண்டுகளாக இதே முறையில் வீடுகளைத் தூக்குகிறார்கள். அங்கும் வேலை முடிவது அடியில் சுவர் எழுந்த பிறகே.

திருகுக்கு வேகம் இல்லை. நீரின் அழுத்தத்தைக் கொண்டு தூக்கும் வழி இதற்கு மாற்றாக வந்தது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தை ஓரிடத்தில் அழுத்தினால் அந்த அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்பது பாஸ்கல் கண்டது. அவர் இறந்த மறு ஆண்டு, 1663இல், அந்த நூல் அச்சேறியது. சிறிய உருளையில் பத்துக் கிலோ அழுத்தம் கொடுத்தால், அதைப்போல இருபது மடங்கு பரப்புள்ள பெரிய உருளையில் இருநூறு கிலோ எழும்பும். விலையாக, சிறியது இருபது அங்குலம் இறங்கினால்தான் பெரியது ஓர் அங்குலம் ஏறும். லண்டனில் ஜோசப் பிராமா 1795இல் இந்த நீரழுத்தப் பொறிக்குக் காப்புரிமை பெற்றார். உருளையின் ஓரத்தில் நீர் கசியாமல் காத்த தோல் வளையத்தைச் செய்தவர் அவருடைய பட்டறையில் இருந்த ஹென்றி மாட்ஸ்லே என்பார்கள். இங்கே கவனிக்க வேண்டியது அந்தத் தோல் வளையத்தைத்தான். திருகைத் தாங்குவது உராய்வு. நீரழுத்தப் பொறியைத் தாங்குவது ஒரு வளையமும், ஒரு வால்வும், உருளையின் சுவரும். இம்மூன்றில் ஒன்று விட்டுக்கொடுத்தால் மேலே இருப்பது கீழே வந்துவிடும்.

அப்படி வந்த நாள் ஒன்று உண்டு. வட வேல்ஸ் பகுதிக்கும் ஆங்கிள்சி தீவுக்கும் இடையே உள்ள மெனாய் நீரிணையின்மேல் ராபர்ட் ஸ்டீவன்சன் ஒரு ரயில் பாலம் கட்டிக்கொண்டிருந்தார். ‘ராக்கெட்’ ரயில் எஞ்சினால் புகழ்பெற்ற ஜார்ஜ் ஸ்டீவன்சனின் மகன் இவர். பாலத்தின் பெயர் பிரிட்டானியா. போர்க்கப்பல்கள் பாய்மரத்தோடு கீழே செல்ல வேண்டும், நீர்வழியில் சாரமும் கட்டக்கூடாது என்பது கடற்படைத் துறையின் நிபந்தனை. ஆகவே இரும்புத் தகடுகளைக் கொண்டு, உள்ளே ரயிலே ஓடும் அளவுக்குப் பெரிய பெட்டிக்குழாய்களைக் கரையிலேயே செய்தார்கள். பெரிய குழாய் ஒவ்வொன்றும் 1,500 டன்னுக்கு மேற்பட்ட எடை. மிதவைகளில் ஏற்றி, ஓதத்தின் போக்கில் மிதக்கவிட்டு, இரு கோபுரங்களின் அடியில் கொண்டு சேர்த்து, உச்சியில் வைத்த நீரழுத்தப் பொறிகளால் சங்கிலி கட்டி நூறு அடி மேலே தூக்க வேண்டும். பொறி ஒருமுறை இயங்கினால் ஆறு அடி ஏறும். பிறகு சங்கிலியை மாற்றிக் கட்டி மறுபடியும் ஆறு அடி.

இந்த ஆறு ஆறு அடிகளுக்குள்தான் ஸ்டீவன்சன் ஒரு பிடிவாதம் பிடித்தார். குழாய் ஏற ஏற, அதன் முனைகளின் அடியில் உள்ள இடைவெளியை மரத்தாலும், சிமெண்டில் பதித்த செங்கல்லாலும் அங்குலம் அங்குலமாக நிரப்பிக்கொண்டே வரவேண்டும். எந்த நேரத்திலும் குழாய்க்கும் அடிக்கட்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கக்கூடாது. பொறிகள் உலகிலேயே பெரியவை, வார்ப்பிரும்பால் ஆன கனத்த சுவர் கொண்டவை, முந்தைய ஆண்டு கான்வே பாலத்தில் இதே வேலையைச் செய்து காட்டிய வகையைச் சேர்ந்தவை. அப்படியிருந்தும் இந்தக் கட்டளை. வேலையை மெதுவாக்குகிற, பணத்தை விழுங்குகிற, எல்லாம் சரியாக நடந்தால் எவர் கண்ணுக்கும் தெரியாத ஒரு வேலை இது.

அந்தப் பிடிவாதத்துக்குப் பின்னால் ஒரு மரணக் கணக்கு இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1847 மே மாதம், செஸ்டர் நகரில் டீ ஆற்றின்மேல் அவர் அமைத்த பாலத்தின் வார்ப்பிரும்பு உத்திரம் ரயில் போகும்போதே முறிந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். விசாரணையில் அவர் பட்ட பாடு பெரிது. வார்ப்பிரும்பு முன்னறிவிப்புத் தராது, வளையாது, ஒரே நொடியில் உடையும் என்பதை அவரைக் காட்டிலும் கசப்பாகக் கற்றவர் அந்நாளில் இருந்திருக்க முடியாது.

1849 ஆகஸ்டு 17, வெள்ளிக்கிழமை. முதல் பெருங்குழாய் இருபது அடிக்கு மேல் ஏறிவிட்டிருந்தது. பெரிய பொறியின் வார்ப்பிரும்பு உருளை அடிப்பகுதியில் பிளந்து, டன் கணக்கான துண்டு ஒன்று கீழே குழாயின்மேல் போய் விழுந்தது. நூலேணியில் ஏறிக்கொண்டிருந்த தொழிலாளி ஒருவர் அதில் உயிரிழந்தார். பிடிப்பை இழந்த குழாயின் முனை கீழே வந்தது. அடிக்கட்டு தொட்டுக்கொள்ளும் தொலைவில் காத்திருந்ததால் அது விழுந்த தூரம் ஒன்பது அங்குலத்துக்கு மேல் இல்லை. அந்த ஒன்பது அங்குல வீழ்ச்சிக்கே அடியிலிருந்த கனத்த வார்ப்பிரும்புத் துண்டுகள் நொறுங்கிப்போயின. ஆறு அடி விழுந்திருந்தால் குழாயும் போயிருக்கும், கோபுரமும் தப்பியிருக்காது, கீழே வேலை செய்தவர்களைப் பற்றி எழுத எதுவும் மிஞ்சியிருக்காது. உருளையைப் புதிதாக வார்த்துக் கொண்டுவந்து வேலையைத் தொடர்ந்தார்கள். 1850 மார்ச்சில் பாலத்தின்மேல் ரயில் ஓடிற்று.

அந்தப் பொறியை இடையில் தூக்கிச்செல்லும் அளவுக்குச் சுருக்கியவர், ஸ்காட்லாந்தில் பிறந்து நியூயார்க்கில் பட்டறை வைத்திருந்த ரிச்சர்டு டட்ஜியன். 1851இல் அவர் பெற்ற காப்புரிமைதான் இன்று காரின் அடியில் உருட்டிச் செல்லும் ஹைட்ராலிக் ஜாக்கியின் முன்னோடி. இங்கிலாந்தில் டாங்கி சகோதரர்களின் ஜாக்கிகள், நீரில் இறங்க மறுத்து மாதக்கணக்கில் தேம்ஸ் கரையில் கிடந்த ‘கிரேட் ஈஸ்டர்ன்’ கப்பலை 1858 ஜனவரியில் தள்ளி இறக்கிப் பெயர் பெற்றன. பிறகு கார் வந்தது. ஒவ்வொரு காரிலும் ஒரு ஜாக்கி வந்தது. ஸ்டீவன்சனின் அடிக்கட்டு மட்டும் காரோடு வரவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. காரோடு கொடுக்கப்படும் ஜாக்கி டயர் மாற்றுவதற்காக மட்டும் ஆனது. அந்த வேலையில் உடம்பின் எந்தப் பகுதியும் வண்டியின் அடியில் போக வேண்டியதில்லை. வண்டி சரிந்தால் இழப்பு தகட்டுக்குத்தான். ஆனால் கருவி கையில் இருந்தால் மனிதன் அதை அடுத்த வேலைக்கும் நீட்டுவான். சைலன்சர் தொங்குகிறது, எண்ணெய் ஒழுகுகிறது, ஒரு நிமிட வேலைதானே என்று மல்லாந்து உள்ளே நுழைகிறான். சாலையோரப் பட்டறைகளில், மீசை அரும்பாத பையன்கள் ஒற்றை ஜாக்கியை நம்பி இடுப்புவரை உள்ளே கிடப்பதை நாம் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் கடந்து போகிறோம். மாருதி 800 போன்ற சிறிய காரே சுமார் 650 கிலோ. அதில் ஒரு மூலையின் பங்கு மார்பின்மேல் இறங்கினால் எலும்பு உடைய வேண்டும் என்பதுகூட இல்லை. விலா விரிய இடமில்லாமல் மூச்சு நின்றுவிடும். கத்தவும் முடியாது. பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாமலே அது நடந்து முடியும்.

செய்யவேண்டிய முறை நீளமானதல்ல. தரை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். வெயிலில் இளகிய தார்ச்சாலையிலும் மழையில் ஊறிய மண்ணிலும் ஜாக்கியின் அடி புதையும்; அடியில் தடித்த பலகை ஒன்று வேண்டும். வண்டியை கியரில் விட்டு, கைபிரேக்கை இழுத்துவிட்டு, தரையில் நிற்கப்போகிற சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்க வேண்டும். கைபிரேக் போட்டாயிற்றே, கட்டை எதற்கு என்று கேட்பவர்கள், பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளலாம். பின்பக்கத்தைத் தூக்கிவிட்டால் பிரேக் பிடித்த சக்கரங்கள் அந்தரத்தில் நிற்கும், முன்சக்கரங்கள் உருள ஆயத்தமாக இருக்கும். நம் லாரிகளின் கிளீனர்கள் இந்தப் பாடத்தை நன்றாகவே அறிவார்கள். வேலை முடிந்ததும் அந்தக் கல்லை நடுச்சாலையில் விட்டுப்போகும் வழக்கத்தை மட்டும் யாரும் அவர்களுக்கு மறக்கடிக்கவில்லை.

சக்கரத்தைக் கழற்றுவதாயிருந்தால் நட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதே அரைச்சுற்றுத் தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு அந்த ஆவேசத்தைக் காட்டினால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். பழைய கார்களுக்குக் கீழே தனியாக இரும்புச் சட்டகம் இருந்தது; அச்சின் அடியிலோ சட்டகத்தின் அடியிலோ வைத்துத் தூக்கினார்கள். இன்றைய கார்களில் உடலும் சட்டகமும் ஒன்று. கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பில், முன்சக்கரத்துக்குப் பின்னாலும் பின்சக்கரத்துக்கு முன்னாலும், வலுவூட்டிய இடங்களை மட்டும் இதற்கென்று விட்டிருப்பார்கள். வேறிடத்தில் வைத்தால் தகடு குழியும். கையேட்டில் படத்தோடு இருக்கிறது. நாம் பிரித்துப் படிக்காத நூல்களில் அதுவும் ஒன்று.

தூக்கிய பின், வலுவான இடங்களின் அடியில் தாங்கிகளை இணையாக நிறுத்தி, ஜாக்கியை மெல்லத் தளர்த்தி, வண்டியை அவற்றின்மேல் இறக்க வேண்டும். பலர் தாங்கியைச் சும்மா பக்கத்தில் நிறுத்திவிட்டுப் பளுவை ஜாக்கியிலேயே விட்டுவிடுகிறார்கள். அப்போது அது தாங்கி அல்ல, வேடிக்கை பார்க்கிற பொருள். இறக்கிய பிறகு பக்கவாட்டில் ஓங்கி அசைத்துப் பார்க்க வேண்டும். விழுவதானால் அது இப்போதே, ஆள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

ஸ்டீவன்சன் செங்கல்லைத்தானே வைத்தார், நாங்களும் அதைத்தானே வைக்கிறோம் என்று பட்டறைக்காரர் ஒருவர் கேட்கக்கூடும். அவர் வைத்தது சிமெண்டில் பதித்துக் கட்டிய திண்மையான கட்டு. அகன்ற பரப்பில் சுமை பரவியது. தளர்வாக அடுக்கிய செங்கல்லின்மேல், அதைவிட மோசமாக உள்ளீடற்ற சிமெண்டுக் கல்லின்மேல், காரின் விளிம்பு கத்திபோல் ஒரே கோட்டில் இறங்குகிறது. கல் அழுத்தத்தைத் தாங்கும், ஆனால் வளையத் தெரியாது. விரிசல் விட்ட கணமே பொடியாகிவிடும். டீ ஆற்றுப் பாலத்தின் உத்திரத்துக்கு இருந்த அதே குணம். கட்டை வைப்பதானால் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கிய கனத்த மரக்கட்டைகள் மேல். மரம் உடைவதற்குமுன் முனகும்.

வாங்கிய தாங்கியையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதற்கில்லை. 2020ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெரிய கருவிக் கடைத் தொடர் ஒன்று, தான் விற்ற பல லட்சம் தாங்கிகளைத் திரும்பப் பெற்றது. உயரத்தைப் பிடித்து நிறுத்தும் பல், சுமை அசைந்தால் நழுவக்கூடும் என்று தெரியவந்தது. அவற்றுக்கு மாற்றாகக் கொடுத்தவற்றிலும் சில, பற்றவைப்பில் குறை என்று அதே ஆண்டில் திரும்பிப்போயின. தேர்ந்த மெக்கானிக்குகள் ஜாக்கியை முழுக்க உருவிவிடாமல், பளு ஏற்றாது தொட்டும் தொடாமலும் அங்கேயே விட்டுவைப்பதற்கும், கழற்றிய சக்கரத்தையோ ஸ்டெப்னியையோ படுக்கவைத்துக் கதவு விளிம்பின் கீழ் தள்ளிவைப்பதற்கும் காரணம் இதுதான். தாங்கி கைவிட்டால் வண்டி டயரின்மேல் உட்காரும். உள்ளே கிடப்பவனுக்குக் கொஞ்சம் இடைவெளியாவது மிஞ்சும்.